முகத்தைக் கீறாமல்

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊரில் நாற்காலி செய்து பிழைத்த தொழிலாளர்கள், கடின மரத்தூளை வருஷக்கணக்கில் சுவாசித்ததன் விளைவாக, நாசியின் மேற்புறத்துக் காற்றறைகளில் அபூர்வமானதொரு புற்றுநோய்க்கு ஆளாவதை 1960களில் வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். கண்ணோரத்திலிருந்து மூக்கின் பக்கமாகக் கீறி முகத்தைத் திறந்து அதை அகற்றுவதே அக்கால வழக்கம். பிழைத்தவருக்குத் தழும்பு ஆயுள் முழுதும் துணை.

இன்றோ, ஹாப்கின்ஸ் என்ற பௌதிக அறிஞர் கண்ணாடித் தண்டுகளை வரிசையாகக் கோத்து வகுத்த, 4 மில்லிமீட்டர் விட்டமே உள்ள உள்நோக்கி நாசித் துவாரத்தின் வழியே புகுந்து, மூலைமுடுக்குகளையும் பெரிதாக்கித் திரையில் காட்டுகிறது. ஆனால் அக்குறுகிய வழியே கட்டியை முழுதாக எடுக்காமல் துண்டு துண்டாக எடுப்பது புற்றுநோய் சாஸ்திரத்துக்கே விரோதமல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. எனினும் இக்கட்டி பல சமயங்களில் காற்றறையின் வெற்றிடத்தில் தொங்கிக்கொண்டு, சிறியதோர் இடத்திலேயே வேர்கொண்டிருக்கும். ஆகையால் தொங்குவதைக் குறைத்து, வேரைக் கண்டு, அவ்விடத்தைச் சுற்றியுள்ள ஆரோக்கியமான திசுவோடும், அவசியமானால் மூளைக்கு அடியிலுள்ள சல்லடை எலும்போடும் சேர்த்து அகற்றி, ஓரங்களை அப்போதே உறையவைத்து நுண்ணோக்கியில் பரிசோதிக்கிறார்கள். அவ்வெலும்பின் கண்களூடே மண நரம்புகள் இறங்குவதால், இருபுறமும் எடுக்கநேர்ந்தால் மல்லிகையின் வாசனையும் போய்விடும்.

எலும்பு போன இடத்தில் மூளைநீர் ஒழுகாதபடி, நாசியின் நடுச்சுவரிலிருந்து ரத்தக்குழாய் அறுபடாமல் உரித்த சவ்வைத் திருப்பிப்போட்டு மூடுகிறார்கள். முகத்தோல்வரை பரவிவிட்ட நோய்க்குப் பெரும்பாலும் பழைய கத்திதான்.