செக்கு போடும் முன் வீடுகளை எண்ணுங்கள்

கடலை விலை இறங்கும்போதெல்லாம் கிராமங்களில் ஒரு பேச்சு கிளம்பும். ‘காயாகக் கொட்டிக் கொடுப்பதைவிட, நாமே ஒரு செக்கு போட்டு எண்ணெயாக விற்றால் என்ன?’ நியாயமான கேள்விதான். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர், நாமக்கல் என நிலக்கடலை விளையும் மாவட்டங்களில் இந்தப் பேச்சு பல இடங்களில் செக்காகவே மாறியிருக்கிறது. அவற்றில் சில நன்றாக ஓடுகின்றன. சில, அடகு வைத்த நகையை மீட்பதற்காகக் கிடைத்த விலைக்கு விற்கப்பட்டு வேறு ஊருக்குப் போய்விடுகின்றன. பெரும்பாலும் எந்திரத்தில் கோளாறு இருப்பதில்லை. கணக்கு போடாமல் இறங்கியதுதான் காரணமாக இருக்கிறது.

100 கிலோ பருப்பு என்ன தரும்?

நிலக்கடலைக் காயை உடைத்தால் எடையில் சுமார் 70 சதவிகிதம் பருப்பு கிடைக்கும். பருப்பில் 45 முதல் 50 சதவிகிதம் வரை எண்ணெய் இருந்தாலும், மரச்செக்கில் அது முழுவதும் இறங்காது. நன்றாகக் காய்ந்த பருப்பு இரண்டரை கிலோவுக்கு 1 லிட்டர் எண்ணெய் என்பது செக்குக்காரர்களின் வழக்கமான கணக்கு. அதாவது, 100 கிலோ பருப்புக்கு 40 லிட்டர் எண்ணெயும், கழிவு போக ஏறக்குறைய 60 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும்.

இதை ரூபாயில் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்கான உதாரணம் மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பருப்பு 100 கிலோ (கிலோ 120 ரூபாய்) – 12,000
சுத்தம் செய்ய, காயவைக்க, ஆட்ட ஆள்கூலி – 600
மின்சாரம், செக்கு பராமரிப்பு – 300
பாட்டில், மூடி, லேபிள் – 600
மொத்தச் செலவு – 13,500
பிண்ணாக்கு 60 கிலோ (கிலோ 40 ரூபாய்) வரவு – 2,400
நிகரச் செலவு – 11,100

40 லிட்டருக்கு வகுத்தால், ஒரு லிட்டரின் அடக்கவிலை 277 ரூபாய் 50 காசு. லிட்டர் 320 ரூபாய்க்கு விற்றால் 42 ரூபாய் 50 காசு நிற்கும். 100 கிலோவுக்கு 1,700 ரூபாய். பிண்ணாக்கை விற்க முடியாமல் போனால் நிலைமை தலைகீழாகிவிடும். அடக்கவிலை 337 ரூபாயைத் தாண்டிவிடும். அதனால் எண்ணெய் வாங்குபவரைத் தேடுவதுபோலவே, பிண்ணாக்கு வாங்கும் மாட்டுக்காரர்களையும் முதலிலேயே பிடித்துவைக்க வேண்டும்.

சொந்தக் கடலையாக இருந்தாலும் பருப்பு விலையைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ‘நம் காட்டுக் கடலைதானே’ என்று விட்டுவிட்டால், கடலையை அப்படியே விற்றிருந்தாலே அதிகம் கிடைத்திருக்குமா என்பது கடைசிவரை தெரியாது.

எத்தனை வீடு வேண்டும்?

செக்கு, மோட்டார், கொட்டகை எல்லாம் சேர்த்து 3 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவிகித வட்டியில் 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 6,520 ரூபாய் கட்ட வேண்டும். கடை வாடகை 3,000 ரூபாய். ஆக, ஒரு லிட்டர்கூட விற்காவிட்டாலும் மாதம் 9,520 ரூபாய் போயே தீரும்.

100 கிலோவுக்கு 1,700 ரூபாய் என்றால், இதை ஈடுகட்டவே மாதம் 560 கிலோ பருப்பு ஆட்டி, 224 லிட்டர் விற்க வேண்டும். ஒரு குடும்பம் மாதம் 4 லிட்டர் வாங்கும் என்றால் 56 வீடுகள். வீட்டுச் செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் எடுக்க வேண்டும் என்றால் சுமார் 460 லிட்டர், 115 வீடுகள். பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் மளிகைக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, மாதா மாதம் கூடுதல் விலை கொடுத்து வாங்கக்கூடிய 115 வீடுகள் உங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கின்றனவா? ஒரு நோட்டில் பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். 40 பெயருடன் பேனா நின்றுவிட்டால், எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

எந்திரத்தைவிடக் கடலை பெரிது

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். எந்திரம் வாங்க வங்கியில் கடன் கிடைத்துவிடும். ஆனால், மாதம் 1,150 கிலோ பருப்புக்கு 1,38,000 ரூபாய் கையில் வேண்டும். அறுவடைக் காலத்தில் விலை மலிவாக இருக்கும்போதே ஆறு மாதச் சரக்கை வாங்கிவைப்பதென்றால் 8,28,000 ரூபாய். எந்திரக் கடனைப்போல இரண்டே முக்கால் மடங்கு. ஏக்கருக்கு 1,000 கிலோ காய் எடுக்கும் விவசாயிக்குக் கிடைப்பது 700 கிலோ பருப்பு. அது இந்தச் செக்குக்கு 18 நாள் சரக்குதான். இந்தப் பணத்தைப் புரட்ட முடியாதபோதுதான் நகை அடகுக் கடைக்குப் போகிறது. பிறகு கந்துவட்டி வருகிறது.

இதற்குச் சில வழிகள் உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் சொந்தக் கடலையை இருப்புவைத்து, அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை பொருளீட்டுக் கடன் பெறலாம். 180 நாள் வரை தவணை உண்டு. உச்சவரம்பையும் வட்டியையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது வழி, கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது. பருப்பு அவர்களுடையது, கூலி உங்களுடையது. லாபம் குறைவாக இருந்தாலும் சரக்கில் பணம் முடங்காது. முதல் ஆண்டில் பாதி கூலி, பாதி சொந்தச் சரக்கு என்று ஓட்டுவது பாதுகாப்பானது.

மானியம் கைக்கு வராது

2020-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில், திட்டச் செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று விதி. 10 சதவிகிதத்தை நாம் போட வேண்டும். உணவுத் தொழில் செய்யும் மகளிர் சுயஉதவிக்குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் இதில் உண்டு. ஆனால், மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் இருந்து, தொழில் ஒழுங்காக நடந்து தவணையும் கட்டப்பட்டிருந்தால், 3 ஆண்டுகளுக்குப் பிறகு கடனில் கழித்துக்கொள்ளப்படும். இடையில் செக்கு நின்றால் மானியமும் இல்லை, கடனும் அப்படியே இருக்கும். மானியத்தைக் கழித்துவிட்டு லாபம் நிற்கிறதா என்று பார்ப்பதே சரியான கணக்கு.

பூஞ்சணம் பிடித்த பருப்பு வேண்டாம்

ஈரத்தோடு குவித்துவைத்த கடலையில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் வளர்ந்து, அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். இது கல்லீரலைக் கெடுப்பது. சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெயிலிருந்து இதன் பெரும்பகுதி நீங்கிவிடும். செக்கு எண்ணெய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. பிண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் நச்சின் ஒரு பகுதி இறங்கும். எனவே சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிய வேண்டும். அவற்றை மாட்டுக்கும் போடக் கூடாது. ஆட்டிய எண்ணெயை மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் நிழலில் இரண்டு, மூன்று நாள் தெளியவைத்து, ஈரமில்லாத பாட்டிலில் நிரப்பினால் சீக்கிரம் சிக்கு வாடை வராது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அல்லது உரிமம் கட்டாயம். 2011 விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று வகுத்தன. மேலே போட்ட கணக்குப்படி மாதம் 460 லிட்டர் விற்றால், ஆண்டு விற்பனை 17 லட்சத்தைத் தாண்டுகிறது. இப்போதைய வரம்பை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்க விதிகளில் இடமில்லை. பாட்டிலில் அடைத்து அளவு, தயாரித்த தேதி, விலை, முகவரி அச்சிட்டே விற்க வேண்டும். தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரையும் வேண்டும்.

இரண்டு பணப்பை

கடைக் கல்லாவில் இருந்து காய்கறிக்கும் கல்யாண மொய்க்கும் எடுப்பதுதான் நல்ல தொழிலையும் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி, சம்பளமாக எடுங்கள். மீதி தொழிலுக்கு. வங்கிக் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

அடுத்தது கடன். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று முகத்துக்காகக் கொடுத்த ஒரு லிட்டர் வசூலாகாமல் போனால் நஷ்டம் 277 ரூபாய் 50 காசு. அதை ஈடுகட்ட இன்னும் ஆறரை லிட்டர் விற்க வேண்டும். மறுக்கச் சங்கடமாக இருந்தால், ‘ஒரு வீட்டுக்கு ஒரு லிட்டர், பழைய பாக்கி வந்த பிறகே அடுத்தது’ என்று பலகையில் எழுதிவையுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று மாதம் பாருங்கள்

இவ்வளவையும் செக்கு வாங்காமலே சோதிக்க முடியும். பதிவை எடுத்துக்கொண்டு, 100 கிலோ பருப்பைப் பக்கத்து ஊர் செக்கில் கூலிக்கு ஆட்டி, அடைத்து விற்றுப் பாருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து செய்யுங்கள். முதல் மாதம் சொந்தபந்தம் வாங்கும். மூன்றாவது மாதமும் யார் தேடிவந்து வாங்குகிறார்களோ, அவர்களே உங்கள் வாடிக்கையாளர்கள். அந்த எண்ணிக்கையையும் வரவு செலவு நோட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்கும் வங்கிக்கும் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். கணக்கு ஒத்துவரவில்லை என்றால், ஒரு பருவத்துக் கடலையில் கொஞ்சம் செலவானதோடு போகும். நகை வீட்டிலேயே இருக்கும்.