மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள்

ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பார்த்தால், ஏற்றம் என்று சொல்ல அங்கே இருக்கும் மேம்பாலம் ஒன்றுதான் கண்ணில் படும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. ஏரியும் ஏரிப்பாசன வயலுமாக இருந்த பூமி. தொலைவில் சில கல்குன்றுகள் தெரியும், அவ்வளவுதான். குன்றுதோறும் குடிகொண்டவன் என்று பேர் வாங்கிய முருகன்கூடப் பக்கத்து வல்லக்கோட்டையில் சமதரையில்தான் ஏழடி உயரத்தில் நின்று தரிசனம் தருகிறான்.

இந்த வட்டாரத்திலிருந்துதான் மலைக்கென்று பெயர் சூட்டிய வண்டிகள் லாரி லாரியாகக் கிளம்பிப் போகின்றன. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் இங்கே பிறந்தது. ரெனோவின் டஸ்டரும், க்விட் காரின் 'கிளைம்பர்' மாடலும் இங்கிருந்துதான் வந்தன. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கவென்றே ஜிஏஆர்சி என்ற மத்திய அரசு ஆய்வு மையமும் அதன் ஓட்டத் தடங்களும் இருக்கின்றன. மலை இல்லாவிட்டால் என்ன, ஏறும் திறனைப் பார்க்க கான்கிரீட்டில் சரிவு கட்டிக்கொள்வது வாகனத் தொழிலில் சகஜம்.

ஆனால் இந்தச் சாலைகளில் அதிகம் தென்படும் மலை வண்டி மோட்டார் வைத்ததல்ல. ஷிப்ட் விடும் நேரத்தில் வந்து பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிக் கிளம்பிய பிறகு, மாத்தூர், வைப்பூர், வல்லம் பக்கத்து அறைகளுக்குத் திரும்பும் பையன்கள் சைக்கிளில் வருவார்கள். தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் கலந்த கூட்டம். அவர்கள் ஓட்டுவதில் பெரும்பாலானவை 'எம்டிபி'. மவுண்டன் பைக் என்று யாரும் நீட்டிச் சொல்வதில்லை.

அப்படி ஒரு சைக்கிளைக் கிட்டத்தில் பார்ப்போம். தடித்த ஃபிரேமில் மின்னல் மாதிரி ஸ்டிக்கர். முன்னால் ஷாக் வைத்த ஃபோர்க். சீட்டுக்குக் கீழே மஞ்சள் ஸ்பிரிங் ஒன்று. இரண்டங்குல அகலத்தில் பட்டன் டயர். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும்: மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை, மணி இல்லை, விளக்கு இல்லை. கேரியர் இல்லாததால் சாப்பாட்டுப் பை ஹேண்டில்பாரில் தொங்குகிறது. ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் இடிக்கிறது. கவர் இல்லாததால் பேண்டின் வலது கால் ஓரம் செயின் எண்ணெயில் கறுத்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் என்றால் பின்டயர் வாரி இறைத்த சேறு, யூனிஃபார்ம் சட்டையின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரே கோடாக ஏறியிருக்கும். ஷிப்டுக்குப் போகும்போதே அந்தக் கோடு விழுந்துவிட்டால், எட்டு மணி நேரமும் அதோடுதான் நிற்க வேண்டும்.

இந்தச் சைக்கிளின் ஒவ்வொரு உறுப்புக்கும் உலகத்தில் எங்கோ ஒரு வேலை உண்டு. பட்டன் டயரின் புடைப்புகள் இளகிய மண்ணிலும் வேர்களிலும் கடித்துப் பிடிப்பதற்காக. தார் ரோட்டில் கடிக்க எதுவும் இல்லாததால் அவை நசுங்கி நசுங்கி எழுகின்றன. மிதிப்பவருடைய பலம் அதில் கரைகிறது, டயரும் சீக்கிரம் தேய்கிறது. ஷாக் என்பது பாறை மேலிருந்து இறங்கும்போது சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைப்பதற்காக. காற்றழுத்தத்தில் அமுங்கும் நல்ல ஃபோர்க் ஒன்றை வாங்கும் காசில் இந்தச் சைக்கிளில் இரண்டு மூன்று வாங்கிவிடலாம் என்னும்போது, இதில் என்ன ஷாக் இருக்கும்? உள்ளே ஒரு ஸ்பிரிங்தான் இருக்கும். அமுங்கிய வேகத்தை அடக்க எண்ணெய்த் தடுப்பு எதுவும் கிடையாது. அந்த ஃபோர்க் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். சீட்டுக்கடியில் இருக்கும் ஸ்பிரிங் இன்னும் மோசம். எழுந்து நின்று மிதித்தால் சைக்கிள் முன்னே போவதற்குமுன் கீழே போகிறது. முழங்காலின் உழைப்பில் ஒரு பங்கு செயினுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்குக்குப் போய்ச் சேர்கிறது. ஓவர்டைமோடு பன்னிரண்டு மணி நேரம் வேலை முடித்துவிட்டு மிதிக்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

டிஸ்க் பிரேக்கின் கதையும் அப்படித்தான். மலை இறக்கத்தில் சேறு அப்பிய ரிம்மை நம்ப முடியாது. அதனால் பிரேக்கை அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். இங்கே நெருக்கியடித்த சைக்கிள் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சாய்ந்து அந்தத் தகடு லேசாக வளைந்தால் போதும், அன்றிலிருந்து 'சர்ரு சர்ரு' என்று உரசல். பழைய சைக்கிளில் சக்கரம் ஆடினால் எந்தப் பஞ்சர் கடையிலும் கோட்டம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இதற்குப் பேடு இல்லை, பார்ட்ஸ் இல்லை என்று டவுனுக்கு அனுப்புகிறார்கள்.

மவுண்டன் பைக் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இந்த முரண் இன்னும் கூர்மையாகும். கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மாவட்டம். அங்கே 1970களில் சில இளைஞர்கள் பழைய இரும்புக்கடையிலும் கிடங்கிலும் கிடந்த ஷ்வின் கம்பெனியின் தடித்த டயர் சைக்கிள்களைப் பொறுக்கி எடுத்து, தேவையில்லாததைக் கழற்றி எறிந்துவிட்டு மலைப்பாதையில் இறக்கினார்கள். அவை முப்பது நாற்பது வருஷம் பழையவை. பேப்பர் போடும் பையன்கள் ஓட்டியவை. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. 1976 அக்டோபர் 21 அன்று ஒரு மண் பாதையில் முதல் பந்தயம் நடந்தது. மூன்று கிலோமீட்டர் சொச்ச தூரம், சுமார் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் சக்கர அச்சில் இருந்த கிரீஸ் வெந்து புகையாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

அவர்கள் போட்டிருந்த உடை? ஜீன்ஸ், வேலைக்காரர்கள் போடும் தடித்த பூட்ஸ், தோல் கையுறை. கீழே விழுந்தால் தோல் உரியாமலிருக்க அது போதுமானதாக இருந்தது. ஒரகடத்தில் ஜீன்ஸும் இரும்பு முனை சேஃப்டி ஷூவுமாகத் தடித்த டயர் சைக்கிளில் வரும் பையனை அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினால், பெரிய வித்தியாசம் தெரியாது. மவுண்டன் பைக்குக்கே உரிய ஆதி உடுப்பு இவனிடம்தான் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது, அவனுக்குச் சைக்கிள் விற்றவர்களுக்கும் தெரியாது.

ரீபேக் பந்தயத்துக்குப் பிறகுதான் வியாபாரம் வந்தது. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிதாக ஃபிரேம் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கம்பெனி தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. 1989இல் ராக்ஷாக்ஸ் ஷாக் ஃபோர்க். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக்குக்கும் பதக்கம். கூடவே உடுப்புச் சண்டையும் வளர்ந்தது. பந்தயக்காரர்கள் உடம்போடு ஒட்டிய லைக்ரா போட்டார்கள். மலை இறங்குகிறவர்கள் அதைக் கேலி செய்து தொளதொளப்பான அரைக்கால் சட்டைக்கு மாறினார்கள். அந்தத் தொளதொளப்புக்கு உள்ளே அதே லைக்ராவைப் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. சீட்டில் உராயாமல் இருக்க அது வேண்டியிருந்தது. வெளியே தெரியக் கூடாது, அவ்வளவே.

இந்தியாவில் 1990களில் ஹீரோ ரேஞ்சர் போன்ற மாடல்கள் வந்தபோது பள்ளிக்கூடப் பையன்கள் எப்படி அலைந்தார்கள் என்பது அந்தத் தலைமுறைக்கு நினைவிருக்கும். அதுவரை 28 அங்குலச் சக்கரத்துக் கறுப்புச் சைக்கிள்தான். அப்பாவும் அதையே ஓட்டினார், பால்காரரும் அதையே ஓட்டினார். அந்தக் கறுப்புச் சைக்கிளுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, ஓட்டிப்போகிறவனைப் பார்த்து யாரும் திரும்ப மாட்டார்கள் என்பதைத் தவிர. தமிழ்நாட்டில் 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பிறகு அரசுப் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவர் எல்லாருக்கும் விரிந்த விலையில்லாச் சைக்கிளும் வேலைக்குச் செய்த சைக்கிள்தான். கேரியர் உண்டு, மட்கார்டு உண்டு, செயின் கவர் உண்டு. ஆனால் ஊரே ஒரே நிறத்தில் ஓட்டும்போது 'கவர்மெண்ட் சைக்கிள்' என்று பெயர் விழுந்துவிடுகிறது. முதல் சம்பளத்தில் பட்டன் டயர் வாங்குகிற பையன் அந்தப் பெயரிலிருந்து தப்பித்து ஓடுகிறான். பகல் முழுக்கக் கம்பெனி கொடுத்த சட்டை, கம்பெனி கொடுத்த ஷூ, கழுத்தில் கம்பெனி அட்டை. தனக்கென்று தேர்ந்தெடுத்தது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். அது கெத்தாக இருக்க வேண்டும் என்று அவன் நினைப்பதில் என்ன தப்பு?

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது என்பதைப் பக்கத்துத் தொழிற்சாலையே காட்டிக்கொடுக்கிறது. ராயல் என்ஃபீல்டு அழகால் பிழைத்த கம்பெனி. டேங்க்கில் கையால் இழுத்த கோட்டுக்காகவே புல்லட் வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கம்பெனி 2016இல் ஹிமாலயனை இறக்கியபோது பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 411 சிசி எஞ்சின், 24.5 குதிரைத்திறன்தான். முன்சக்கரம் 21 அங்குலம், தரையிலிருந்து இடைவெளி 220 மி.மீ., முன் சஸ்பென்ஷன் 200 மி.மீ. அமுங்கும். டேங்க்கின் இரு பக்கமும் டப்பா கட்டுவதற்குக் கம்பிச் சட்டம். கூரான மூக்கு கிடையாது, பளபளப்பு கிடையாது. லடாக் பாதையில் கல்லிலும் ஓடை நீரிலும் போய்த் திரும்பியவர்கள்தான் அதற்கு விளம்பரம் செய்தார்கள். தொடக்கத்தில் குறைகளும் இருந்தன, திருத்திக்கொண்டே வந்தார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது 2022இல் அவர்கள் செய்த காரியம். ஹிமாலயன் வாங்கியவர்களில் பலர் மலைப்பக்கமே போவதில்லை என்று தெரிந்ததும், அதே எஞ்சினில் ஸ்கிராம் 411 என்று ஒன்றை விட்டார்கள். முன்சக்கரத்தை 19 அங்குலமாகக் குறைத்து, கண்ணாடித் தடுப்பையும் டேங்க் சட்டத்தையும் கழற்றி, சஸ்பென்ஷனை 190 மி.மீ. ஆக்கி, நிறத்தை மட்டும் கூட்டினார்கள். விலையும் கொஞ்சம் குறைவு. ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு ஊருக்குள் ஓட்டும் வண்டி. பார்வைக்கு மட்டும் மலைவாசம். நாணயமான வியாபாரம் என்று இதைச் சொல்லலாம்.

கார்க்காரர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. 2012இல் வந்த டஸ்டர் முதல் இரண்டு வருஷம் முன்சக்கர இழுவையில் மட்டுமே கிடைத்தது. நான்கு சக்கர இழுவை 2014இல்தான் வந்தது. 2017இல் வந்த க்விட் கிளைம்பர் ஆரஞ்சுப் பட்டையும் கூரைக் கம்பியும் வைத்த ஒரு லிட்டர் சின்னக் கார். அது எதன் மீது ஏறும் என்று யாரும் கேட்கவில்லை. கார் வாங்குகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டமும் இல்லை. கூரைக் கம்பிக்காக யாரும் காலால் உழைப்பதில்லை, பெட்ரோல் உழைக்கிறது.

வசதியுள்ளவர்களின் சைக்கிளையும் விட்டுவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் ஷாக் வைத்த லட்ச ரூபாய்ச் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம். ஹெல்மெட்டில் மலை வெயிலுக்கான முன்நெற்றித் தகடு, முதுகில் தண்ணீர்ப் பை. எதிரே அரை கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை. அது அவர்கள் ஆசை, அவர்கள் காசு. காலை உலாவுக்கு வந்தவர் களைத்தால் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். ஷிப்ட் சைக்கிள் அப்படி இல்லை. மாதக் கடைசியில் ஷேர் ஆட்டோவுக்குக் காசில்லாதபோதும் அதில்தான் போய்த் தீர வேண்டும்.

இன்னொன்று, கெத்தைத் தாண்டியது. கறுப்புச் சைக்கிளின் பின் மட்கார்டில் அடியில் வெள்ளைப் பெயிண்ட் பட்டையும் அதன் மேல் சிவப்பு வில்லையும் இருந்ததே, நினைவிருக்கிறதா? பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் படுவதற்காக வைத்தது அது. மட்கார்டைக் கழற்றியபோது அந்தச் சிவப்பு வில்லை உட்கார்ந்திருந்த இடமும் சேர்ந்து போய்விட்டது. கன்டெய்னர் டிரெய்லர்கள் ராத்திரி முழுக்க ஓடும் சாலை இது. சைக்கிளின் ஒளிப் பிரதிபலிப்பான்களுக்கு 2020இல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணையே போட்டது. கடையில் வாங்கும்போது அவை இருக்கின்றன. அழகைக் கெடுக்கிறது என்று வீட்டுக்கு வந்ததும் பையன்களே பிடுங்கிவிடுகிறார்கள். தொழிற்சாலைக்குள் மின்னும் பட்டை போட்ட மேலங்கி இல்லாமல் ஒரு அடி வைக்க விடாத நிர்வாகம், கேட்டைத் தாண்டுமுன் அந்த மேலங்கியை உள்ளேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. வீடுவரை போட்டுக்கொண்டு போகட்டும் என்று விட்டால் என்ன குறைந்துவிடும்?

1949 முதல் அம்பத்தூரில் சைக்கிள் தொழில் நடக்கும் மாநிலம் இது. ஸ்கிராமில் செய்ததைச் சைக்கிளிலும் செய்ய முடியாதா? தடித்த ஃபிரேமும் ஸ்டிக்கரும் இருக்கட்டும். பட்டனுக்குப் பதில் வழவழப்பான அகல டயர், ஷாக்குக்குப் பதில் நேரான ஃபோர்க், சக்கரத்தோடு ஒட்டிய கறுப்பு மட்கார்டு, ஃபிரேமின் நிறத்திலேயே ஒரு கேரியர், ஒரு விளக்கு. ஸ்பிரிங்கில் மிச்சமாகும் காசே இவற்றுக்குப் போதும். இந்த மாதிரி சைக்கிள்கள் சந்தையில் அறவே இல்லை என்றில்லை. 'ஹைப்ரிட்' என்ற பெயரில் கூடுதல் விலையில் ஐடி ஊழியர்களுக்கு விற்கிறார்கள். கேரியரை மட்டும் அவர்களும் வைப்பதில்லை.

அதுவரை, சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தை எடுக்குமுன், "அண்ணே, மட்கார்டும் கேரியரும் மாட்டிக் கொடுங்க" என்று கேளுங்கள். பின்னால் ஸ்பிரிங் வைத்ததைத் தொடாதீர்கள். பட்டன் டயரைக் கழற்றிவிட்டு ரோடு டயர் போட்டுத் தரச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் அதிகம் வராது. சிவப்பு வில்லையைப் பிடுங்காதீர்கள். "இந்த மாடலுக்கு அதெல்லாம் வராது தம்பி" என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த கடைக்குப் போங்கள்.