பிளஸ் ஒன் நோட்டை எடைக்குப் போடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சலிங்கில் கல்லூரியும் உறுதியாகிவிட்டால், வீட்டில் அடுத்த பேச்சு பரணில் கிடக்கும் காகிதக் குவியலைப் பற்றித்தான். இரண்டு வருட நோட்டுகள், கைடுகள், டியூஷனில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டுகள், ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்கள். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடச் சொல்வார் அப்பா. 'இருக்கட்டும், எதுக்காவது ஆகும்' என்பார் அம்மா. இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் வைத்திருக்க வேண்டியது கடைக்குப் போய்விடுகிறது. போக வேண்டியது பத்திரமாகப் பரணில் ஏறுகிறது.

அப்படிப் போய்விடுவது பிளஸ் ஒன் நோட்டு. பிளஸ் டூ தொடங்கிய கையோடு, 'அதான் முடிஞ்சுபோச்சே' என்று முதலில் கழித்துக்கட்டப்படுவது அதுதான். கல்லூரி முதல் வருடத்தில் தேடப்போவதும் அதைத்தான்.

கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பாடநூலில் எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை 11-ம் வகுப்பின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. 12-ல் பெரும்பாலும் அவற்றின் பயன்பாடுகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத் தாளுக்குப் பெயரே 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. ஐந்து யூனிட்டில் நான்கு கால்குலஸ். பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருக்கும். முதல் வருடத்தில் கால்குலஸ் இல்லாத பொறியியல் படிப்பு வரப்போவதில்லை. அங்கே வகையிடலை மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள். 'இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதானே' என்ற ஒரு வரியோடு பகுதி வகையிடலுக்குத் தாவிவிடுவார்கள்.

ஓர் உதாரணம். பதினொன்றாம் வகுப்பில் பகுதித் தொகையிடலைச் சுருக்கமாகச் செய்ய பெர்னோலி சூத்திரம் என்று ஒன்று வரும். ஒரு பக்கம் வகையிட்டுக்கொண்டே போவது, இன்னொரு பக்கம் தொகையிட்டுக்கொண்டே போவது, இடையில் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி. சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் மூன்றாவது செமஸ்டரில் ஃபூரியர் தொடர் வரும்போது, x வர்க்கத்தைக் கொசைன் nx-ஆல் பெருக்கித் தொகையிடச் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் அப்போது கையில் எடுப்பது இந்த பெர்னோலியைத்தான். அதில் ஒரு குறி மாறினால் விடை முழுக்கத் தப்பு. பிளஸ் ஒன் ரஃப் நோட்டில் அதே குறியைத் தப்பாகப் போட்டு, மேலே சிவப்பு மையில் திருத்திய பக்கம் ஒன்று இருந்தால், எந்த கைடும் தராத உதவி அது. உங்கள் கை எங்கே வழுக்கும் என்று அந்தப் பக்கத்துக்குத்தான் தெரியும்.

பிளஸ் ஒன்னுக்கு இந்த மரியாதைக் குறைவு வந்ததற்குப் பள்ளிகளும் காரணம். மதிப்பெண்ணுக்காகப் பிளஸ் ஒன் பாடங்களை ஒப்புக்கு ஓட்டிவிட்டு, பிளஸ் டூவை இரண்டு வருடம் நடத்துகிற வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பழைய வழக்கம் திரும்பினால், ஒழுங்காக எழுதிய பிளஸ் ஒன் நோட்டு கிடைப்பதே அரிதாகிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு.

பி.காம். சேருகிறவர்களுக்கும் இதே கதைதான். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், இறுதிக் கணக்குகள் எல்லாம் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல். முதல் செமஸ்டர் நிதிநிலைக் கணக்கியல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். பிளஸ் டூவின் கூட்டாண்மைக் கணக்கு அப்புறம் வரும். அந்த நோட்டும் இருக்கட்டும்.

அதற்காக எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஆசிரியர் வரி வரியாகச் சொல்ல, வரி வரியாக எழுதிய 'கேள்வி-பதில்' நோட்டு பொதுத்தேர்வோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. ஒரு மார்க் கேள்விகள், கைடு, மாதிரி வினாத்தாள் கட்டு, எதுவும் வேண்டாம். எடை கூடுவதே இவற்றால்தான். பாடப்புத்தகமும் போகலாம், பாடநூல் கழகம் இணையத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகவே வைத்திருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் மட்டும் கணிதம், அறிவியல் புத்தகங்களைக் கையில் வைத்திருப்பது நல்லது. பின்பக்கக் கலைச்சொல் பட்டியல் முதல் இரண்டு மாத ஆங்கில வகுப்புகளுக்கு அவசரத் துணை.

வைக்க வேண்டியது, நீங்களே போட்டுப் பார்த்த கணக்கு, அடித்துத் திருத்திய வரி, ஓரத்தில் கிறுக்கிய விளக்கம். ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885-ல் நினைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி படித்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்த மனிதர். மறந்துபோனதாக நினைத்ததையும் இரண்டாவது தடவை குறைந்த நேரத்தில் படித்துவிட முடிகிறது என்று கண்டார். பழைய நோட்டின் உபயோகமும் இதுதான். புதிதாக அது எதையும் கற்றுத்தராது, விட்ட இடத்தைச் சீக்கிரம் பிடிக்க வைக்கும்.

போனில் படம் எடுத்து வைத்தால் போதாதா? வைக்கலாம். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில், பக்கங்களை ஸ்கேன் செய்யும் கேம்ஸ்கேனரும் ஒன்று என்பது ஞாபகம் இருக்கட்டும். அதனால் எந்தச் செயலியில் எடுத்தாலும் பிடிஎஃப்பாக மாற்றித் தனியாகச் சேமியுங்கள். என்னைக் கேட்டால், ஐந்நூறு பக்கத்தைப் படம் பிடிக்கிறவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஐம்பது பக்கத்தைத் தேர்ந்து எடுக்கிறவர் பார்க்கிறார். அந்தத் தேர்விலேயே பாதி ரிவிஷன் முடிந்துவிடுகிறது.

எவ்வளவு காலம்? பொறியியலுக்கு மூன்றாவது செமஸ்டர் வரை. கணித அரியர் இருந்தால் அது தீரும் வரை. நீட் இன்னொரு தடவை எழுதும் எண்ணம் இருந்தால், இயற்பியல், வேதியியல், உயிரியல் எதையும் இப்போது தொடாதீர்கள். பரணில் 6 முதல் 10-ம் வகுப்பு வரையான சமச்சீர் புத்தகங்கள் தப்பிக் கிடந்தால், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் அண்ணனோ அக்காவோ தெருவில் நிச்சயம் இருப்பார். குரூப் 4 தேர்வு பத்தாம் வகுப்புத் தரத்தில்தான். 'பழைய புக் இருக்கா' என்று தேடித் திரிகிறவர்கள் அவர்கள்.

மிச்சத்தைக் கடைக்காரரிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு நோட்டையும் தலைகீழாகப் பிடித்து ஓர் உதறு உதறிவிடுங்கள். அவர் ரெக்கார்டு நோட்டின் கெட்டி அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுத்தான் எடை போடுவார். அட்டைக்கு உள்ளே செருகியிருந்தது சாதிச் சான்றிதழா, மாற்றுச் சான்றிதழின் நகலா என்றெல்லாம் அவர் பார்க்க மாட்டார்.