விமானத் தூரமும் வன்னி மக்களின் நேரமும்

கிளிநொச்சியிலிருந்து சென்னைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்று வினவினால், பயணச்சீட்டில் குறிக்கப்பட்டுள்ள பறப்பு நேரத்தையே பலரும் விடையாகக் கூறுவர். அது கணக்கின் ஒரு பகுதி மாத்திரமே. எந்த விமான நிலையத்தை நாடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டிய வன்னி மக்கள் முழுக் கணக்கையும் அறிந்திருப்பது பயனுடையது.

முதலில் தூரம். வடக்குத் தெற்காக அகலக்கோட்டின் ஒரு பாகை 60 கடல் மைல்களாகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். பலாலி விமான நிலையம் அண்ணளவாக வட அகலக்கோடு 9 பாகை 47 கலையிலும், சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலையிலும் அமைந்துள்ளன. இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் கழித்தலே போதுமானது. வித்தியாசம் 3 பாகை 12 கலை, அதாவது 192 கடல் மைல். ஏறத்தாழ 356 கிலோமீற்றர். இவ்வாறு கணித்தால் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குள்ள தூரம் ஏறத்தாழ 645 கிலோமீற்றராகும். நெடுங்கோடும் பெரிதும் வேறுபடும் நீண்ட பயணங்களுக்குப் பூமியின் கோள வடிவத்தைக் கருத்திற்கொண்டு பெருவட்ட வழியே கணிக்க வேண்டும். உம்றாக் கடமைக்குச் செல்வோர் பறக்கும் கட்டுநாயக்க - ஜித்தா தூரம் அம்முறைப்படி சுமார் 4,650 கிலோமீற்றர்.

அடுத்தது நேரம். பலாலி - சென்னை சேவையில் ஈடுபடுத்தப்பட்ட ஏரிஆர் 72 விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கக்கூடியது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் 43 நிமிடங்கள் கிடைக்கும். ஓடுபாதையில் நகர்வதற்கும், மேலெழுவதற்கும், தரையிறங்குவதற்குமாக மேலும் அரை மணி நேரத்தைக் கூட்டுவது பொருத்தம்.

கடிகார வேறுபாட்டையும் மறத்தலாகாது. ஜித்தாவின் நேரம் எமது நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஆறு மணித்தியாலம் பறந்தவர் அங்கு இறங்கும்போது பிற்பகல் 1.30 மணியாகவே இருக்கும். நாட்டுக்குள்ளேயே இத்தகைய வேறுபாட்டை வன்னி கண்டதுண்டு. 1996 இல் இலங்கையின் கடிகாரம் முன்னகர்த்தப்பட்டபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தையைக் கடந்து வடக்கே சென்றவர்களுக்கு நேரம் அரை மணி பின்னோக்கிச் சென்றது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் இந்திய நேரத்துடன் ஒன்றியபோதே அவ்வேறுபாடு நீங்கியது.

இறுதியாக, தரைவழி. கிளிநொச்சியிலிருந்து பலாலி ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கட்டுநாயக்கவோ 300 கிலோமீற்றர் அளவிலானது. தெற்கே ஓரிரவு பயணித்து, மீண்டும் வடக்கு நோக்கிப் பறப்பவர் செலவிடுவது பணத்தை மட்டுமல்ல. மருத்துவத்துக்காகச் செல்லும் முதியவருக்கு அவ்விரவே பெரும் சோதனை. தெற்கே அமைந்த வவுனியாவுக்கு இந்த அனுகூலம் குறைவு என்பதையும் ஏற்க வேண்டும்.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றினால் 2020 இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரிலேயே மீண்டும் ஆரம்பமானது. 356 கிலோமீற்றர் என்ற அண்மை இயற்கை தந்தது. தடையற்ற விமான சேவையும், விமான நேரங்களுக்கு இசைவாக முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் பஸ் சேவையும் அமைந்தால்தான் அந்த அண்மை வன்னி மக்களுக்குப் பயன்தரும். அவற்றை அமைத்துக் கொடுப்பது அதிகாரிகளின் பொறுப்பாகும்.