பழைய வீடும் புதிய கார் ஷெட்டும்

சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற பகுதிகளில் சிமெண்டு பரவலாவதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றின் சுவர்கள் ஒன்றரை அடி கனம் இருக்கும். கூரையைத் தேக்கு உத்தரங்கள் தாங்கும். சில பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில், குதிரை வண்டிக்கென்று கட்டிப் பிறகு காருக்கு ஒதுக்கிய கொட்டகையும் உண்டு.

இத்தகைய வீடுகளில் சுவரின் அடிப்பகுதி உதிரும்; மாடி ஒழுகும்; புதிதாக வாங்கிய கார் கொட்டகைக்குள் நுழையாது. வீட்டுக்காரர் மேஸ்திரியை அழைத்து, “எல்லாவற்றுக்கும் சிமெண்டு பூசிப் புதிதாக்கிவிடுங்கள்” என்கிறார். வேலை முடிந்ததும் வீடு பளபளக்கிறது. ஆனால் இரண்டு மழைக்காலம் கழிந்தபின் பார்த்தால், முன்பு முழங்கால் உயரம் இருந்த ஈரக்கறை இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கிறது! புதிய பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. நல்ல சிமெண்டு, நல்ல கொத்தனார். பிறகு ஏன் இப்படி?

விடை வேதியியலிலும் இயற்பியலிலும் இருக்கிறது. பழைய வீட்டைத் தொடும் முன் ஒவ்வோரிடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: புதிய பொருள் பழைய பொருளோடு பொருந்துமா?

கல்லாக மாறும் காரை

அக்காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. சுண்ணாம்புக்கல் அல்லது கிளிஞ்சலைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் சுட்டால், அதிலுள்ள கால்சியம் கார்பனேட் சிதைந்து கரியமில வாயு வெளியேறும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு போய்விடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். இதில் நீர் ஊற்றினால் கொதித்து, நீற்றிய சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். இதனுடன் மணல் சேர்த்து, மாடு பூட்டிய செக்கில் அரைத்துக் காரை தயாரித்தார்கள்.

சுவரில் பூசிய காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக மாறுகிறது. காளவாயில் இழந்த வாயுவைக் காற்றிலிருந்தே திரும்பப் பெறுகிறது எனலாம். இம்மாற்றம் மிக மெதுவானது. கனமான சுவரின் உட்புறம் முழுதும் மாற ஆண்டுகள் பல ஆகும்.

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் குஜராத்தின் போர்பந்தர் ஆலை 1914-இல் சிமெண்டு உற்பத்தியைத் தொடங்கியது. சிமெண்டு நீருடன் வினைபுரிந்து சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கி, நாள்கணக்கில் வலுவடைகிறது. அதன் வேகமும் வலிமையும் கண்டு உலகமே அதற்கு மாறியது. சுண்ணாம்பு அரைக்கும் செக்குகள் ஓய்ந்தன.

சுவர் ஏன் தண்ணீர் குடிக்கிறது?

செங்கல்லிலும் காரையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இத்துளைகள் வழியே நிலத்தின் ஈரம் மேலே ஏறுகிறது. இதுவே நுண்புழை ஏற்றம். துளை எவ்வளவு குறுகலோ, நீர் அவ்வளவு உயரம் ஏறும். 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 15 மி.மீ. உயரும். ஆரம் நூறில் ஒரு பங்கானால், உயரம் நூறு மடங்காகி 1.5 மீட்டரை எட்டும்!

அப்படியானால் பழைய சுவர்கள் முழுவதும் நனைந்து கிடக்க வேண்டுமே? இல்லை. கீழிருந்து நீர் ஏறும்போதே, பக்கவாட்டில் சுவரின் மேற்பரப்பிலிருந்து அது ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. ஏறும் நீரும் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சு நீராவியைத் தாராளமாக வெளியே விடும். அதனால் ஈரம் தாழ்வாகவே நின்றது.

சிமெண்டுப் பூச்சு அடர்த்தியானது. அது நீராவி வெளியேறும் வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. வழியற்ற நீர், பூச்சு முடியும் இடம்வரை மேலே ஏறி அங்கே வெளிப்படுகிறது. ஓதம் ஒழியவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான்!

நிலத்தடி நீரில் கரைந்துள்ள உப்புகள் வேறொரு தொல்லை. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும். வளரும் படிகம் நுண்துளையின் சுவர்களை நெருக்கித் தள்ளும். பூச்சின் வெளிப்பரப்பில் உப்புப் பூத்தால் துடைப்பத்தால் பெருக்கிவிடலாம். பூச்சுக்குப் பின்னால் பூத்தால், அது பூச்சைத் தள்ளிப் பெயர்த்து, செங்கல்லையும் பொடியாக்கிவிடும்.

எனவே பழைய வீட்டு வேலையில் ஒரு பொன்விதி உண்டு: பூச்சு சுவரைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய வேண்டியது பூச்சு. காக்கப்பட வேண்டியது செங்கல். பூச்சை மீண்டும் பூசலாம். கரைந்துபோன சுவரை எங்கே வாங்குவது?

தலைக்கு மேலே

இவ்வீடுகளின் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்கு உத்தரங்களின்மேல் குறுக்காக மரக்கட்டைகளை வரிசையாக வைப்பார்கள். ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலப் பருமன் உள்ள சிறு செங்கற்களைக் காரையில் தோய்த்து, செங்குத்தாகவும் மூலைவாட்டாகவும் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இறுதியில் தட்டோடு பதிப்பார்கள்.

இக்கூரை ஒழுகினால், மேலே இரண்டு அங்குலம் சிமெண்டுக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ எடை. 5 செ.மீ. கனத்தில் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோ. 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள அறைக்கு 2,400 கிலோ. இரண்டு அம்பாசிடர் கார்களை மொட்டை மாடியில் நிரந்தரமாக நிறுத்தியதற்கு இது சமம்! நூறாண்டுக் கண்ட உத்தரத்தின் தலையில் இதை ஏற்றலாமா?

உத்தரத்தின் உண்மையான பலவீனம் அதன் நடுவில் இல்லாமல், சுவருக்குள் செருகிய முனையில் இருக்கலாம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்வரை அதை மக்கச் செய்யும் பூஞ்சைகள் வளர்வதில்லை. சுவர் நனைந்தால் முனை மக்கத் தொடங்கும், கரையானும் வரும். ஆகவே முதலில் ஒழுகலை நிறுத்தி, உத்தர முனைகளைப் பொறியாளர் சோதித்த பிறகே மற்ற வேலை. உடைந்த தட்டோடுகளை மாற்றி, இடுக்குகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்து, மழைநீர் வடியும் சரிவைச் சீராக்கினாலே பல கூரைகள் பிழைத்துக்கொள்ளும்.

கொட்டகையைத் திறப்போம்

அம்பாசிடர் காரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். அதற்கென்று கட்டிய கொட்டகையில் அதைவிட அகலமான இன்றைய கார் நுழைந்தாலும், கதவைத் திறந்து இறங்க இடமிராது. ஒரு காருக்கு உட்புறம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமுமாவது வேண்டும். வாசலை அகலப்படுத்தச் சுவரை இடிக்கும் முன், அதன்மேல் உள்ள சுமையை எது தாங்கும் என்று முடிவு செய்ய வேண்டும்.

வாசலின் மேல் பிற்காலத்தில் போட்ட இரும்புக் கம்பிக் கான்கிரீட் இருந்தால் கவனியுங்கள். சுண்ணாம்பைக் கல்லாக்கிய அதே கரியமில வாயு இங்கே பகைவனாகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கரியமில வாயு மெல்ல உட்புகுந்து அக்காரத்தைக் குறைத்துவிடுகிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும். கான்கிரீட் வெடித்து உதிரும். அதற்கு மேல்பூச்சு பூசி மறைப்பது நோயை மறைப்பதே ஆகும்.

கொட்டகையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதை உடைக்கவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். பயிற்சி பெற்றவர்கள், தக்க முகக்காப்பு அணிந்து, தகட்டை நனைத்து முழுதாக இறக்க வேண்டும். பழைய கதவின் வண்ணப்பூச்சிலும் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வண்ணத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

மூன்று வாயுக்கள்

மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இணைகிறது. தலைவலியும் மயக்கமும் வரும், எழுந்து நடக்கும் வலுவும் போய்விடக்கூடும்.

இதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒட்டியதால், கொட்டகை முழுவதும் பரவும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். இன்வெர்ட்டரின் ஈய-அமில பேட்டரி மின்னேற்றம் பெறும்போது வெளியாகும் ஹைட்ரஜன் மிக இலேசானது, கூரையடியில் சேரும். எனவே கொட்டகைக்குத் தரையை ஒட்டியும், கூரையை ஒட்டியும், எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துளைகள் வேண்டும். சுவிட்சுகளைத் தரைக்கு அருகில் வைக்கக்கூடாது. கொட்டகையை ஒட்டிய அறைக்குள் புகை புகாதபடி நடுக்கதவு இறுக மூடவும் வேண்டும்.

மின்சாரக் கார் வந்தால்?

பழைய வீடுகளின் மின்கம்பிகள் சில விளக்குகளுக்கும் விசிறிகளுக்குமே போடப்பட்டவை. அவற்றின் ரப்பர் உறை காய்ந்து நொறுங்கியிருக்கும். பல இடங்களில் நிலக்கம்பியே இராது. அங்கே மின்சாரக் காரைச் செருகினால் என்ன நேரும்?

ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை 0.0172 ஓம். மீட்டர் பெட்டியிலிருந்து கொல்லைக் கொட்டகை 25 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். போக, வர 50 மீட்டர். கம்பி 1.5 சதுர மி.மீ. ஆனால் மின்தடை 0.57 ஓம். 7 கிலோவாட் மின்னேற்றி ஏறத்தாழ 32 ஆம்பியர் இழுக்கும். ஜூல் விதிப்படி கம்பியில் எழும் வெப்பம் 32 × 32 × 0.57, அதாவது ஏறத்தாழ 585 வாட். மணிக்கணக்கில், சுவருக்குள், மரப்பட்டைக்கு அடியில்! 6 சதுர மி.மீ. கம்பியானால் இது நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

ஆகவே கொட்டகைக்கு மீட்டர் பெட்டியிலிருந்தே தனிக் கம்பி, தனி நிலக்கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி ஆகியவை தேவை. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் இக்கருவி ஒப்பிடுகிறது. வேறுபாடு தெரிந்தால், வழிதவறிய மின்சாரம் ஒருவரின் உடல் வழியே செல்லலாம் என்று கொண்டு நொடியின் சிறு பகுதிக்குள் நிறுத்திவிடுகிறது. இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்

இரண்டு உலர்ந்த செங்கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடியிலிருந்து முக்கால் உயரம்வரை பக்கங்களைப் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றுங்கள், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். இரண்டையும் ஓர் அகன்ற தட்டில் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு செ.மீ. உயரம் உப்புநீர் ஊற்றுங்கள். நீர் குறையக் குறைய நிரப்பி, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். வெறும் செங்கல்லில் உப்பு எங்கே பூக்கிறது? சுற்றிய செங்கல்லில் எங்கே பூக்கிறது? உயரங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்டு பூசிய பழைய சுவரின் கதை உங்களுக்கு விளங்கிவிடும்.

எதை முதலில் செய்வது?

வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் கூரை ஒழுகலை நிறுத்த வேண்டும். அடுத்து, சுவரடியில் தேங்கும் நீருக்கு வடிகால். தெருவில் திரும்பத் திரும்பத் தார் போட்டதால் பல பழைய வீடுகள் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. ஆகவே கார் ஏறும் சரிவு வழியே மழைநீர் உள்ளே புகாதபடி வாசலில் மூடிய வடிகால் வெட்ட வேண்டும். பிறகு மின்கம்பி. சுவர் நன்கு உலர்ந்த பின்னரே சுண்ணாம்புப் பூச்சு. வண்ணம் கடைசி. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வண்ணத்தில் தொடங்குகிறார்கள்!

சிமெண்டு தீயது அன்று; கொட்டகையின் புதிய தரைக்கு அதைவிட ஏற்றது வேறில்லை. சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் மருந்தும் அன்று. எது எங்கே பொருந்தும் என்று அறிவதே பொறியியல். உங்கள் வீட்டில் அடுத்த முறை மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்க்கும்போது, நீங்களும் அருகில் நில்லுங்கள். ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, உப்பு எங்கே பூத்திருக்கிறது என்று முதலில் அவரிடம் காட்டுங்கள்.