இந்தியத் தேனீ வளர்ப்பில் முதிர்ந்த இராணியை மாற்றும் முறைத்தேர்வு: மார்த்தாண்டம் பகுதியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: இந்தியத் தேனீ, இராணி மாற்றம், இராணி அறை, கூட்டம் பிரிதல், மார்த்தாண்டம்

முன்னுரை

மார்த்தாண்டம் வட்டாரத்தின் தேனீ வளர்ப்பு பெரிதும் ரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்தது. இலையுதிர்த்த ரப்பர் மரம் மீண்டும் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பிலுள்ள சுரப்பிகள் இனிப்புச் சாற்றை வெளியிடுகின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான தேன் வரத்துக்கு மலரைவிட இதுவே முதன்மையான ஊற்று. முட்டை பணித் தேனீயாக வெளிவர ஏறத்தாழ 3 வாரங்களும், அத்தேனீ வெளியே சென்று சாறு திரட்டத் தொடங்க மேலும் 2 அல்லது 3 வாரங்களும் ஆகும். எனவே பிப்ரவரி மாத அறுவடையைத் தீர்மானிப்பவை டிசம்பரில் இடப்பட்ட முட்டைகளே ஆகும். அப்போது தளர்ந்த இராணி இருக்கும் பெட்டியில் ஓராண்டு வருவாய் குன்றுகிறது.

முதுமையை அறிதல்

இராணியின் உடலைப் பார்த்து அதன் வயதைக் கணிக்க இயலாது. மார்பின் மேல் இட்ட வண்ணப் புள்ளியோ பெட்டிக் குறிப்போ இல்லாதவிடத்து முட்டையிடும் பாங்கே சான்றாகிறது. சேமித்த விந்தணுக்கள் குறையும்போது கருவுறா முட்டைகள் பணித் தேனீக் கண்ணறைகளில் இடப்பட்டு, அங்கு ஆண் தேனீக்கள் தோன்றுகின்றன. ஆனால் அடையில் புழுக்கள் இடையிடையே விடுபட்டுக் காணப்படுவதை மட்டும் கொண்டு முதுமை என முடிவு செய்வது பிழையாகும். நெருங்கிய உறவினக் கலப்பிலும் அத்தோற்றம் ஏற்படும், நோயிலும் ஏற்படும். 1991-92இல் தென்னிந்தியக் கூட்டங்களுள் பெரும்பாலானவற்றை அழித்த தாய்லாந்து சாக்புரூட் நச்சுயிரி நோயில் புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகி மடிகின்றன. அத்தகைய புழு ஒன்றேனும் தென்படுமாயின் முதற்கேள்வி இராணியின் வயதைப் பற்றியதன்று.

எவ்வழி?

கூட்டமே தன் இராணியை மாற்றிக்கொள்ளும் என விட்டுவிடுதல் எளிய வழி. தளர்ந்த இராணிக்கு மாற்றாகப் பணித் தேனீக்கள் ஓரிரு இராணி அறைகளை அமைப்பதுண்டு. ('இராணி' என்னும் சொல் ஆட்சியைச் சுட்டினும், அதனை நீக்கும் முடிவு பணித் தேனீக்களுடையது.) எனினும் அது நிகழும் காலம் வளர்ப்பவரின் கையில் இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆண் தேனீக்கள் அரிதாகவே இருப்பதால் புது இராணி கருவுறாமல் போகலாம்.

இராணியை நீக்கிவிட்டு, அக்கூட்டமே இளம்புழுவிலிருந்து புதியதை வளர்க்கச் செய்வது இரண்டாம் வழி. இதில் புதிய முட்டைகளைக் காண ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இராணியற்ற இந்தியத் தேனீக் கூட்டத்தில் பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்குவது இத்தாலியத் தேனீயைவிட விரைவானது; அந்நிலையை அடைந்த கூட்டத்தை மீட்பது கடினம். இனச்சேர்க்கை முடித்த இராணியைக் கூண்டிலிட்டுச் சேர்ப்பது காலத்தை மிச்சப்படுத்தும். ஆனால் இந்தியத் தேனீயில் அத்தகைய இராணிகளின் விற்பனை பரவலாக இல்லை.

ஆகவே முதிர்ந்த இராணி அறையொன்றை வேறு கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்துப் பொருத்துவதே இப்பகுதிக்குப் பெரிதும் ஏற்றது. அறையின் நுனியிலுள்ள மெழுகு நீங்கிப் பழுப்பு நிறக் கூடு தெரியுமாயின் ஓரிரு நாள்களில் இராணி வெளிவரும். முட்டையற்ற காலமும் ஏறத்தாழ இரண்டு வாரங்களாகச் சுருங்கும். அறையைத் தலைகீழாகத் திருப்பாமலும் குலுக்காமலும் கொண்டுசெல்ல வேண்டும். முதல் நாளே பழைய இராணியை அகற்றாவிடில் அவ்வறை சிதைக்கப்படும்.

இவ்விடத்தில்தான் ஒரு சிக்கல் எழுகிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் எளிதாகக் கிடைக்கும் அறைகள், பிரிந்து செல்ல முனையும் கூட்டங்களின் அடை விளிம்பில் தொங்குபவை. அவற்றை ஆண்டுதோறும் பயன்படுத்துவோர், தாம் அறியாமலே பிரியும் இயல்பைத் தெரிந்தெடுத்துப் பெருக்குகின்றனர். மாறாக, நோய் பரவிய ஆண்டிலும் வலுக்குன்றாத, பிரியாது நின்று தேன் தந்த கூட்டத்தின் இராணியை இரண்டு சட்டங்களுடன் சிறு பெட்டிக்கு மாற்றினால், எஞ்சிய தேனீக்கள் இளம்புழுக்களைக் கொண்டு இராணி அறைகளை எழுப்பும். அவ்வறைகள் சுமார் 10 நாள்களில் வெட்டியெடுக்கத்தக்கனவாகும். அந்நல்ல கூட்டம் சில நாள்கள் முட்டையை இழப்பது உண்மையே. அவ்விழப்பை ஏற்கத் தயங்குவது இயல்பாயினும், ஒரு கூட்டத்தின் குறுங்கால இழப்பால் பல பெட்டிகளின் தாய்வழி மேம்படுகிறது. தந்தைவழி அவ்வாறு கட்டுக்குள் வருவதில்லை. அயலாரின் பெட்டிகளிலும் மரப்பொந்துகளிலும் உள்ள ஆண் தேனீக்களுடனும் புது இராணி வானில் கூடுகிறது.

பணியைத் தொடங்கும் நாளையும் ஆண் தேனீக்களைக் கொண்டே குறிக்க வேண்டும். இந்தியத் தேனீயில் ஆண் தேனீக் கண்ணறையின் மூடி கூம்பாகவும் நடுவில் நுண்துளையுடனும் இருக்கும். உதிர்ந்த அம்மூடிகள் பெட்டியின் அடிப்பலகையில் கிடந்தால் ஆண் தேனீக்கள் வெளிவரத் தொடங்கிவிட்டன என்பது தெளிவு. அவை இனச்சேர்க்கைக்கு முதிர மேலும் ஏறத்தாழ 10 நாள்களுக்கு மேல் தேவை.

பழைய இராணியை உடனே நசுக்கிவிடும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. புது இராணி மழையிலோ பறவையின் அலகிலோ மறைவது அரிதன்று. ஆதலின் முதிர்ந்த இராணியைச் சிறு பெட்டியில் காத்து வைத்து, புதியது இட்ட முட்டைகளை நேரில் கண்ட பின்னரே அதனை நீக்கி, அச்சிறு கூட்டத்தைப் பிற கூட்டத்தோடு இணைக்க வேண்டும்.