கரிசல் வேருக்குப் பச்சைப் பூஞ்சைக் காவல்

சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் காலூன்றியதற்கும், பிறகு பட்டாசு பெருகியதற்கும் அங்குள்ள வறண்ட காற்று ஒரு முக்கியக் காரணம். குச்சியும் மருந்தும் நமத்துப் போகாது. அதே வறட்சி மேக்ரோபோமினா என்ற மண்பூஞ்சைக்கும் தோதானது. மழை ஏமாற்றி மண் சூடேறினால் உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் திட்டுத் திட்டாக வாடும். வாடிய செடியை இழுத்தால் கையோடு வந்துவிடும். வேர்ப்பட்டை நாராக உரியும். உள்ளே பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். செடி மட்கிய பிறகும் அந்தப் புள்ளிகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். இதுதான் வேரழுகல். காடு முழுக்க மருந்து ஊற்ற மானாவாரி வெள்ளாமையில் கட்டுப்படியாகுமா?

இங்கேதான் டிரைக்கோடெர்மா விரிடி உதவுகிறது. இதுவும் மண்ணில் வாழும் பூஞ்சைதான், பச்சை நிறத்தது. உருளைக்கிழங்குத் தோலில் கரும்பொருக்கு உண்டாக்கும் ரைசோக்டோனியா பூஞ்சையை டிரைக்கோடெர்மா தாக்கி அழிப்பதை 1932-இல் வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் விவரித்தார். பந்தக்காலில் அவரைக்கொடி ஏறுவதுபோல எதிரியின் இழையைச் சுற்றிக்கொள்கிறது. நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைத்து உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது. கூடவே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவையும் இடுவதுண்டு. அதன் வழி வேறு: வேரருகே உள்ள இரும்புச்சத்தைத் தான் பிடித்துக்கொண்டு நோய்க்கிருமியைப் பட்டினி போடுகிறது, செடியின் சொந்த எதிர்ப்பையும் தட்டி எழுப்புகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எளிது. விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். மண்ணில் இட, இவற்றில் ஒன்றை ஏக்கருக்கு 1 கிலோ வீதம் 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து தூவலாம்.

பொட்டலத்தில் இருப்பது உயிர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயிலில் வைத்தால் சாகும். கார்பென்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியோடு கலந்தால் டிரைக்கோடெர்மா சாகும். காலாவதித் தேதி பார்க்காமல் வாங்குவது வெறும் டால்க் பவுடருக்குக் காசு கொடுப்பதுதான். வாடிவிட்ட செடியை இது மீட்காது. நோய் வருமுன் வேரைச் சுற்றி இடம்பிடிப்பதே இதன் வேலை.

கரிசலில் ஒரு சிக்கல் உண்டு. மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பவர்களின் விதை, ஈரத்துக்காக நாள்கணக்கில் காய்ந்த மண்ணில் காத்திருக்கும்; மேலே ஒட்டிய நுண்ணுயிரும் காய வேண்டியதுதான். அப்படி விதைப்பவர்கள் விதை நேர்த்தியை மட்டும் நம்பாமல், முதல் மழை மண்ணை நனைத்ததும் எருவில் கலந்து ஒருமுறை தூவுவது நல்லது என்பேன்.